ஓய்வுபெற்ற போலீஸ்காரர் கேமரா முன் உட்கார்ந்தால் என்ன கேட்பது?

"அந்தக் காலத்துல எல்லா ஸ்டேஷன்லயும் மாமூல் இருந்துச்சு சார். மேல வரைக்கும் போகும்."

தொலைக்காட்சி ஆவணப்படத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி இப்படிச் சொன்னதும் பின்னணி இசை ஒரு இழு இழுக்கும், கேமரா அவர் கண்ணருகே போகும். பார்ப்பவருக்குப் பெரிய ரகசியம் வெளியே வந்துவிட்டது போலிருக்கும். ஒன்றும் வரவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரும் இதைச் சொல்வார், புதுச்சேரி நேரு வீதியில் தள்ளுவண்டி நிறுத்துபவரும் சொல்வார். முப்பது வருஷம் உள்ளே இருந்தவர் சொல்ல வேண்டியது வேறு. எந்த மேசை, எந்த நோட்டு, எத்தனை மணி, யார் கை?

லஞ்சத்துக்கு ரசீது கிடையாது, அதனால் நிரூபிக்க முடியாது என்று படம் எடுப்பவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். பாதிதான் உண்மை. பணம் கைமாறிய இடத்தில் ஸ்டேஷன் காகிதத்தில் ஒரு கோணல் விழும். எழுத வேண்டியதை எழுதாமல் விட்டிருப்பார்கள், நேரத்தைத் தள்ளி எழுதியிருப்பார்கள், எண்ணிக்கையைக் குறைத்திருப்பார்கள். அந்தக் கோணல் எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுப்பதற்குத்தான் முன்னாள் போலீஸ்காரர் தேவை. அவர் விடும் பெருமூச்சை வைத்து என்ன செய்வது?

ஆகவே முதல் கேள்வியை ரைட்டர் மேசையில் தொடங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அறையில் தொடங்கினால் பேச்சு தத்துவத்துக்குப் போய்விடும். ஸ்டேஷனில் பேனா பிடிப்பவர் ரைட்டர். புகார் மனு வந்தால் அது எஃப்.ஐ.ஆர். ஆகுமா, சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்குமா என்பதில் அவர் மேசைக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். என்பது சமுதாய சேவைப் பதிவேடு. மனு வாங்கினோம், விசாரிக்கிறோம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. அப்படியும் சி.எஸ்.ஆரோடு மனு ஊறுகிறது என்றால், இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேச நேரம் வாங்குகிறார்கள் என்று பொருள். கட்டப் பஞ்சாயத்துக்கு நாற்காலி போடுவது அந்த இடைவெளியில்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது பி.என்.எஸ்.எஸ்., 173-வது பிரிவில் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். நல்ல நோக்கத்தில் வைத்ததுதான். ஆனால் பேரம் பேசுபவனுக்கு 14 நாள் தாராளம்.

எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்காக இருந்தால் அந்தப் படிவத்தை எடுத்து அதிகாரி கையில் கொடுத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். 3-வது கலத்தில் மூன்று நேரங்கள் இருக்கும். சம்பவம் நடந்த நேரம், தகவல் ஸ்டேஷனுக்கு வந்த நேரம், பொது நாட்குறிப்பில் பதிந்த எண்ணும் நேரமும். 8-வது கலம் புகார் தரத் தாமதமானதற்குக் காரணம். கடைசியில் 15-வது கலத்தில் நீதிமன்றத்துக்கு அனுப்பிய நாளும் நேரமும். இத்தனைக்கும் மேலே, மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு "இத்தனை மணிக்குப் பெற்றேன்" என்று ஒரு குறிப்பு விழுந்திருக்கும். ஸ்டேஷனில் காலை 10 மணிக்குப் பதிந்த எஃப்.ஐ.ஆர். அதே ஊர் நீதிமன்றத்துக்கு மறுநாள் இரவு போய்ச் சேர்ந்திருந்தால் நடுவில் என்ன நடந்தது? பெயர் சேர்க்கவும் நீக்கவும் பிரிவைக் குறைக்கவும் அந்த நேரம் போதும். "அறிந்த நபர்" "அறியாத நபர்" ஆவதும் அப்போதுதான். ஜி.டி. என்று ஸ்டேஷனில் சொல்லும் பொது நாட்குறிப்பில் வரிசை எண் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், பின்னால் எதையாவது சொருக இடம் வேண்டும். அதற்காக ஒரு வரி காலியாக விட்டு எழுதுவார்களா, எழுத்து நெருக்கியிருக்குமா, மை மாறியிருக்குமா என்பதை உள்ளே இருந்தவர்தான் சொல்ல முடியும். இந்த ஒரு காகிதத்தை மேசையில் போட்டு இருபது நிமிடம் பேசினாலே படத்துக்கு எலும்பு கிடைத்துவிடும்.

நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கே உரிய இன்னொரு பாடம் எல்லை. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. பாகூர் பக்கம் போனால் வயல் வரப்பில் மாநிலம் மாறும். சாலை வழியாக வந்தால் முள்ளோடை தாண்டி, தென்பெண்ணைப் பாலம் இறங்கி, ஆல்பேட்டை செக்போஸ்ட். அந்தப் பக்கம் சரக்கு விலை குறைவு, இந்தப் பக்கம் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937. விலை வித்தியாசம் இருக்கிற வரைக்கும் கடத்தல் இருக்கும், கடத்தல் இருக்கிற வரைக்கும் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க ஒரு விலையும் இருக்கும்.

இங்கே கோணல் விழும் காகிதம் கைப்பற்றுதல் மகஜர், அதாவது பிடித்த பொருளைச் சாட்சிகள் முன் பட்டியலிட்டு எழுதுவது. கணக்கு எளிது. 180 மில்லி குவார்ட்டர் என்றால் ஒரு பெட்டிக்கு 48 பாட்டில், 8.64 லிட்டர். 750 மில்லி என்றால் பெட்டிக்கு 12 பாட்டில், 9 லிட்டர். ஒரு பேச்சுக்கு, காரில் 20 பெட்டி குவார்ட்டர் சிக்கியது என்று வையுங்கள். 960 பாட்டில், 172.8 லிட்டர். மகஜரில் 4 பெட்டி, 192 பாட்டில் என்று எழுதினால் மீதி 768 பாட்டில் காற்றில் கரைந்துவிட்டது. அது திரும்ப விற்பனைக்குத்தான் போகும். ஆனால் பாட்டிலைவிடப் பெரிய பேரம் வண்டிக்கு. மதுவிலக்கு வழக்கில் வண்டியையும் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இருப்பதால், சொந்தக்காரருக்கு வண்டி தப்புவதுதான் முக்கியம். அப்போது மகஜரில் கார் மறைந்து, "சாலையோரம் கேட்பாரற்றுக் கிடந்த சாக்கு மூட்டை" முளைக்கும். ஓட்டுநர் "போலீசைக் கண்டதும் ஓடிவிட்டார்" ஆகிவிடுவார். ஓய்வுபெற்றவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "ஐயா, கேட்பாரற்றுக் கிடந்ததுன்னு எழுதின மகஜர்ல உண்மையிலேயே கேட்பாரற்றுக் கிடந்தது எத்தனை?" அவர் சிரித்தால் அந்தச் சிரிப்பை வெட்டாதீர்கள். ஆனால் சிரிப்போடு விடாமல் எந்த ஆண்டு, எந்த ஸ்டேஷன், மகஜர் சாட்சிகள் யார் என்று கேளுங்கள். பல வழக்குகளில் அதே இரண்டு பேர் திரும்பத் திரும்பச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்கள் வழிப்போக்கர்கள் இல்லை, ஸ்டேஷன் சாட்சிகள்.

பாட்டில் லேபிளையும் மறக்க வேண்டாம். புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சடித்திருக்கும், பேட்ச் எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்து எந்த ஆலை, எந்தக் கடை என்று பின்னால் போக முடியும். பிராண்டு பெயரும் பேட்ச் எண்ணும் இல்லாமல் "பாண்டிச்சேரி மதுபாட்டில்கள்" என்று மட்டும் எழுதிய மகஜர், பின்னால் போக வேண்டாம் என்று முடிவெடுத்து எழுதியதாகவே எனக்குப் படும். இதெல்லாம் சில்லறைக் கடத்தல்தானே என்று நினைப்பவர்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்ததை நினைத்துக்கொள்ளலாம். உயிருக்குப் போராடியவர்களை ஜிப்மர் வரைக்கும் கொண்டு வந்தார்கள். அந்த வழக்கை அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது.

இனி மாதக் கணக்கு. மாமூல் என்ற சொல்லுக்கே வழக்கமானது என்றுதான் பொருள். சண்டை போட்டு வாங்கும் பணம் வேறு, தேதி வந்தால் தானாக வரும் பணம் வேறு. இரண்டையும் கலந்து பேசும் சாட்சியம் குழம்பிவிடும். நியூயார்க் போலீஸ் ஊழலை விசாரித்த நாப் ஆணையம் இதைத் தெளிவாகப் பிரித்தது. 1971 அக்டோபரில் அதன் விசாரணையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அங்கே மாதக் கலெக்‌ஷனுக்குப் பெயர் 'பேட்', அதில் ஒருவர் பங்குக்குப் பெயர் 'நட்', ஒரே தடவை அடிப்பது 'ஸ்கோர்'. கிடைத்ததை மேய்பவர்கள் 'புல் தின்னிகள்', தேடிப்போய் வேட்டையாடுபவர்கள் 'கறி தின்னிகள்'. பங்கு மன்ஹாட்டன் மையப் பகுதியில் மாதம் 300, 400 டாலர், ஹார்லெமில் 1,500 டாலர் வரை. எனக்கு இதில் பிடித்த விவரம் வேறு. புதிதாக வந்த சாதா உடைப் போலீஸ்காரருக்கு முதல் இரண்டு மாதம் பங்கு கிடையாது, ஆள் நம்பகமானவரா என்று பார்ப்பார்கள். இழந்த அந்த இரண்டு மாதப் பணத்தை, அவர் மாறுதலாகிப் போகும்போது சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். 'சிஸ்டமே கெட்டுப்போச்சு' என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட இந்த ஒரு விவரம் கனமானது. பி.எஃப். மாதிரி ஒரு ஏற்பாடு! நம் ஊர் அதிகாரியிடமும் இந்த அளவுக்குக் கேட்க வேண்டும். புது எஸ்.ஐ. வந்தால் பழையவர் கணக்கு எந்தத் தேதியோடு முடியும்? வசூலுக்குப் போகும் ஏட்டு யார் ஆள், இன்ஸ்பெக்டர் மாறினாலும் அவர் மட்டும் மாறாமல் இருப்பது ஏன்? ஸ்டேஷன் நடப்பை எஸ்.பி.க்கு எழுதி அனுப்பும் தனிப்பிரிவுக்காரர் அறிக்கையில் இது வராமல் இருக்க அவருக்குத் தனிப் பங்கா? லீவில் போனவருக்கு உண்டா இல்லையா?

பணம் மேலே போனதா என்ற கேள்வியை நேராகக் கேட்டால் பதில் தேறாது. மாறுதலைப் பற்றிக் கேளுங்கள். நல்ல வரும்படி உள்ள ஸ்டேஷனுக்குப் போக என்ன செய்ய வேண்டும், அங்கே எத்தனை மாதம் இருக்க முடிந்தது? பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது 2 ஆண்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏழெட்டு மாதத்தில் தூக்கிவிடுவார்கள் என்று தெரிந்தவர், அந்த இடத்துக்கு வரக் கொடுத்த பணத்தைத் திரும்ப எடுக்க அவசரப்படுவார்.

சொல்பவரையும் சோதிக்க வேண்டும். பெரிய பதவியில் ஓய்வு பெற்றவர் பழியைக் கான்ஸ்டபிள் மீது போடுவார், கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்றவர் எல்லாம் எஸ்.பி. ஆபீஸ் என்பார். இரண்டு பேரையும் தனித்தனியே, ஒரே ஸ்டேஷன், ஒரே காலம் பற்றிப் பேச வைக்காமல் படத்தை முடிக்கக் கூடாது. "நான் மட்டும் தொட்டதில்ல" என்பது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தொடாதவருக்குப் பங்கு எப்படிப் பிரிந்தது என்று ரூபாய் வரை தெரிந்திருந்தால், எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அவர் மீது எத்தனை 'த்ரீ ஏ', எத்தனை 'த்ரீ பி' என்பதையும் கேட்டுவிடுங்கள். தமிழ்நாடு போலீஸ் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளில் 3(அ) சின்னத் தண்டனைக்கு, 3(ஆ) பெரிய தண்டனைக்கு. த்ரீ பி வாங்கியவர் பேச்சைத் தள்ள வேண்டாம், யார் கொடுத்த த்ரீ பி என்று தெரிந்துகொண்டால் போதும். அந்த அதிகாரி பெயரே படம் முழுக்க வில்லனாக வந்தால் உஷாராகிவிடலாம். ஆண்டுகளை ஞாபகத்திலிருந்து எடுக்க விடாதீர்கள். பணிப்பதிவேட்டு நகலில் எந்த ஸ்டேஷனில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால், தான் அங்கே இல்லாத காலத்துக் கதையை அவர் தன் கதையாகச் சொல்வது உடனே பிடிபடும். ஸ்டேஷன் காகிதத்துக்குத் தகவல் உரிமை மனு போடும்போது, பதிவேட்டைக் கேட்பதோடு, அழித்த பதிவேடுகளின் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். "இல்லை" என்ற பதிலுக்கும் "இந்த நாளில் அழித்தோம்" என்ற பதிலுக்கும் வித்தியாசம் உண்டு.

பேசும் அதிகாரிக்கு வரக்கூடிய சிக்கலை முன்னாலேயே சொல்லிவிடுவது மரியாதை. துறை நடவடிக்கை பயம் பெரிதில்லை. கடலூர்க்காரருக்குத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978, புதுச்சேரிக்காரருக்கு மத்திய ஓய்வூதிய விதிகள். இரண்டிலுமே ஓய்வுக்குப் பின் தொடங்கும் துறை விசாரணை, தொடங்கும் நாளுக்கு 4 ஆண்டுக்கு முந்தைய சம்பவத்தைத் தொட முடியாது. ஆனால் கிரிமினல் வழக்குக்கு அந்தக் கணக்கு இல்லை. ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இன் 7-வது பிரிவுக்கு இப்போது 3 முதல் 7 ஆண்டு தண்டனை. 3 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. 2018 திருத்தத்துக்குப் பின் ஓய்வுபெற்றவர் மீது வழக்கு நடத்தவும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது ஒரு தடுப்பு, அவ்வளவுதான். போலீசிடம் சொன்ன ஒப்புதல்தான் சாட்சியத்தில் செல்லாது. கேமராவிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "நான் வாங்கினேன்" என்று அவர் சொன்னால் அது நீதிமன்றத்துக்குப் போகலாம், எடை எவ்வளவு என்பது தனிக் கேள்வி.

பணம் கொடுத்த கடைக்காரரைப் பேச வைப்பவர்கள் இதைவிட அதிகம் யோசிக்க வேண்டும். 2018 ஜூலை 26-க்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தியதால் கொடுத்தேன் என்பவர் 7 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். முகத்தைக் காட்டி "போன வருஷம் வரைக்கும் மாசாமாசம் குடுத்தேன்" என்று சொல்ல வைத்துவிட்டு நீங்கள் சென்னைக்கு பஸ் ஏறிவிடலாம், அவர் கடை இங்கேதான் இருக்கும்.

முகம் மறைப்பதிலும் அரைகுறை வேலைதான் அதிகம். இருட்டு உருவமாகக் காட்டும்போது காது வடிவம், தோள் சரிவு, மோதிரம், பெல்ட் வயிறு எல்லாம் பழகியவர்களுக்குப் போதும். ஜன்னல் திறந்திருந்தால் தெருப் பலகை, மூடியிருந்தால் கோயில் மணியும் மீன்காரர் கூவலும் ஒலிப்பதிவில் ஏறும். குரலை மட்டும் தடித்ததாகவோ கீச்சாகவோ மாற்றினால் அதைத் திரும்பப் பழைய சுருதிக்குக் கொண்டுவர ஒரு சாதாரண மென்பொருள் போதும். சொன்னதை எழுதி எடுத்து வேறொருவரைப் பேச வைப்பதுதான் பாதுகாப்பு. அப்போதும் அவருடைய வாடிக்கைச் சொற்களை எடுத்துவிடுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் "என்னா புரியுதா" என்று சேர்க்கும் ஏட்டய்யாவை அந்த சப்-டிவிஷனே கண்டுபிடித்துவிடும்.

பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால், சாட்டப்பட்டவருக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி, பதிலுக்கு ஒரு வாரமாவது விட்டு, வந்த பதிலைப் படத்தில் சேர்க்க வேண்டும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை. இறந்தவர் பெயரைக் கெடுத்தாலும் குடும்பம் வழக்குப் போடலாம். உண்மை என்பது மட்டும் காப்பாற்றாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும்.

ஒளிப்பதிவில் செய்ய வேண்டியது அதிகமில்லை. கேள்வியும் பதிலோடு பதிவாகட்டும். கேள்வியை வெட்டிவிட்டால், "நீங்கதான் சொல்ல வச்சீங்க" என்று நாளை அவரே மாறும்போது கையில் ஒன்றும் இருக்காது. கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைப் பெயர் மாற்றாமல், வேறு வடிவத்துக்கு மாற்றாமல், அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்து ஹேஷ் எண்ணை, அதாவது கோப்பில் எதையாவது மாற்றினால் தானும் மாறிவிடும் அடையாள எண்ணை, குறித்து வையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவுச் சான்றிதழில் அந்த எண் கேட்பார்கள். எடிட் செய்து ஒளிபரப்பான படத்துக்கு அந்த மதிப்பு வராது.

ஒளிபரப்புக்குப் பின் விசாரணை அதிகாரி பி.என்.எஸ்.எஸ். 94-வது பிரிவில் நோட்டீஸ் கொடுத்து மெமரி கார்டு கேட்கலாம். வக்கீலைப் பார்த்துவிட்டு, நகல் எடுத்துக்கொண்ட பிறகு கொடுங்கள். கொடுக்கும்போது மகஜர் நகல் கேட்டு வாங்குங்கள். அதில் கார்டின் கம்பெனி, கொள்ளளவு, வரிசை எண், ஹேஷ் எண் நான்கும் இருக்கிறதா, நேரம் எழுதியிருக்கிறதா, சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் யார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.